மீட்டர் கண்ணாடியில் முருகன்

அத்தியாயம் 7

பதினேழு நாட்களாகப் பதுளைப் பொலிஸ் வளவில் மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தக் காரை அம்பலவாணர் மூன்றாவது தடவையாகப் பார்க்க வந்திருந்தார். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் அகப்படவில்லை. இம்முறையும் அகப்படப்போவதில்லை என்று அவருடைய இடது முழங்கால் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அறுபத்து நான்கு வயது மனிதருக்கு முழங்கால் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

முப்பது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக நொறுங்கிய வாகனங்களுக்குள் தலையை விட்டு, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடித்தவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் பதுளையிலேயே ஒரு சலூனுக்கு மேல் அறை எடுத்து ‘தனியார் விசாரணை’ என்று பலகை மாட்டியிருந்தார். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைகள். பலகையைக் கழற்றிவிடலாம் என்று நினைத்திருந்த வாரத்தில்தான் விஜயலெட்சுமி படியேறி வந்தாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் தயாபரன் வாடகைக் கார் ஓட்டினான். சென்ற மாதம் பதினாறாந் திகதி, திங்கட்கிழமை காலை, தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்துப் பெரியாயியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி கிளினிக்குக்காகப் பதுளைக்கு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு. தயாபரன் மேட்டில் கொண்டுபோய் மோதினான். மோதியது அவன் உட்கார்ந்திருந்த பக்கம்; அவன் பிழைக்கவில்லை. பெரியாயிக்குக் கால் முறிந்ததோடு போயிற்று.

வாகனப் பரிசோதகரின் அறிக்கை நான்கே வரி. குழாய் ஒன்று உக்கிப்போய், பிரேக் ஒயில் பல நாளாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தீர்ந்திருக்கிறது. அப்படிக் குறையும்போது மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும். அதைக் கண்டும் சாரதி ஓட்டியிருக்கிறார். நாளை வெள்ளிக்கிழமை காலை மரண விசாரணை. சாரதியின் கவனயீனம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். லயத்தில் அதற்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது, குடித்துவிட்டு ஓட்டினான் என்று. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டுவந்த மகள், அப்பா குடிப்பாரா என்று தாயிடமே கேட்டிருக்கிறாள்.

“அவரு அப்புடி ஓட்டுற ஆளு இல்லைங்க,” என்றுதான் விஜயலெட்சுமி அன்று சொன்னாள். “அத மட்டும் எழுத்துல வாங்கிக் குடுங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்.”

அவ்வளவு சின்னதாக ஒன்றைக் கேட்டால் எப்படி மறுப்பது? அந்த ஒரு வரியைத் தேடித்தான் அவர் இப்போது உடைந்த கதவு வழியாகக் குனிந்துகொண்டிருந்தார்.

பின்னால் ஜீவராணி குடையைப் பிடித்தபடி நின்றாள். தெமோதரைக்காரி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கும் சாரதியாகி, பத்து வருடம் கழித்து ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கும் அளவுக்கு மிச்சம் பிடித்துக்கொண்டு திரும்பியவள். அம்பலவாணருக்கு அவள் சாரதி, உதவியாளர், கேட்காமலே புத்தி சொல்கிறவள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் என்பது அவளுடைய நெடுநாள் குறை.

“சேர், மூணு தடவ பாத்துட்டீங்க. இன்னொரு தடவ பாத்தா பொண்ணு வீட்டுல சம்மதமான்னு கேப்பாங்க,” என்றாள்.

அம்பலவாணர் சிரிக்கவில்லை. சிரிக்கும் தெம்பு காலையிலேயே தீர்ந்திருந்தது. காருக்குள் இருந்தவற்றைத் திரும்பவும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிள்ளையார் பொம்மை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வாடிய மாலை. மீட்டர் கண்ணாடியின் வலது கீழ் மூலையில், பெருவிரல் நகம் அளவில், மயில்மேல் முருகன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. வாடகைக் காரில் சாமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு தடவையும் அவர் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

இந்தத் தடவை தாண்டவில்லை. பிள்ளையாருக்கு மேடை உண்டு, மாலைக்குக் கொக்கி உண்டு. முருகனை மட்டும் ஏன் ஒரு மூலையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், கும்பிடக்கூட வசதியில்லாத இடத்தில் ஒட்டியிருக்கிறது? நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். அடியில் வெறும் கறுப்புக் கண்ணாடி.

“பிள்ளை, உம்மட காரிலயும் இதே மீட்டர்தானே?”

“அதே அச்சு சேர். வருசம் மட்டுந்தான் வேற.”

“இந்த மூலையில என்ன இருக்கு?”

ஜீவராணி எட்டிப் பார்த்தாள். குடையை அவர் கையில் திணித்துவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.

அவளுடைய கார் வளவுக்கு வெளியே நின்றது. அம்பலவாணரும் பக்கத்தில் ஏறிக்கொள்ள, அவள் பட்டனை அழுத்தியதும் ஜப்பானியப் பெண் குரல் ஒன்று ஏதோ சொல்லி முடித்தது. அது யார் என்று முதல் நாளே அம்பலவாணர் கேட்டிருந்தார். தன் மாமியார் என்றும், வண்டியில் ஏறும்போதெல்லாம் ஏதோ குறை சொல்வதாகவும், என்ன குறை என்று இன்றுவரை விளங்கவில்லை என்றும் ஜீவராணி பதில் சொல்லியிருந்தாள்.

மீட்டரில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன, கார்த்திகைக்கு ஏற்றி வைத்த மாதிரி. எரியும்போதே அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பச்சை என்றால் வேலை நடக்கிறது, பேசாமல் இரு. மஞ்சள் என்றால் நேரம் கிடைக்கும்போது கவனி. சிவப்பு என்றால் இப்போதே ஓரம் கட்டு. காமாட்சி விளக்கு மாதிரி இருப்பது எஞ்சின் ஒயில், பெட்டி மாதிரி இருப்பது பெட்டரி, லாடம் மாதிரி இருப்பது டயர் காற்று. மூன்று விநாடியில் எல்லாம் அணைந்தன. இரண்டு மட்டும் மிஞ்சின. ஒன்று மஞ்சள். இன்னொன்று வலது கீழ் மூலையில் சிவப்பு வட்டம், நடுவே ஒரு ஆச்சரியக்குறி.

மஞ்சளைப் பற்றி அம்பலவாணர் கேட்டார். எஞ்சின் விளக்காம். தை மாதத்திலிருந்து எரிகிறதாம்.

“அது குடியிருந்துட்டுப் போகட்டும் சேர். சத்தம் போடாத ஆளு,” என்றாள் ஜீவராணி. பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். சிவப்பு வட்டம் அணைந்தது. ஏற்றினாள், எரிந்தது. “இதுதான் சேர் அந்த மூலை. ஒரே லைட்டு, ரெண்டு வேல. ஹேண்ட் பிரேக்க எறக்க மறந்தாலும் எரியும், பிரேக் ஒயில் கொறஞ்சாலும் எரியும்.”

அவள் பெருவிரலை அந்த வட்டத்தின்மேல் வைத்தாள். விரல் அதைச் சரியாக மூடியது. இருவரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

தயாபரன் விளக்கைக் கண்டும் ஓட்டவில்லை. அவன் கண்ணில் படாமல் யாரோ அதை மூடியிருக்கிறார்கள். யார் மூடுவார்கள்? காரைக் கராஜில் விட்டால் அன்றைய ஓட்டம் போய்விடுமே என்று கவலைப்படுகிற ஆள்தான். அதாவது காரின் சொந்தக்காரன்.

“சாமிய வச்சே மறைச்சிருக்காங்க சேர். வழக்குப் போட்டா முருகன ரெண்டாம் எதிரியாப் போடணும்,” என்றபடி ஜீவராணி வண்டியைப் பசறைப் பக்கம் திருப்பினாள்.

பசறை வீதியில் வளைவுகள் எத்தனை என்று அம்பலவாணர் ஒருகாலத்தில் எண்ணியிருக்கிறார். இப்போது முழங்கால் எண்ணிக்கொண்டது.

காரின் சொந்தக்காரர் சிவஞானம் பசறைக் கடைவீதியில் உரமும் தகரமும் விற்கிறவர். லயத்தில் பிறந்து, மூட்டை தூக்கி, கடை வைத்து, இரண்டு வாடகைக் கார் வாங்கி முதலாளியானவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர்களை உட்காரவைத்துப் பிளேன்டீ சொன்னார். தயாபரன் பெயரை எடுத்ததும் அவர் கண் கலங்கியது. முப்பது வருடமாக நடிப்பைப் பார்த்துப் பழகிய அம்பலவாணருக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. அதுவே அவருக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. கெட்டவன் கெட்டவனாகவே இருந்துவிட்டால் வேலை எத்தனை சுலபம்.

மீட்டரைப் பற்றிக் கேட்டதும் சிவஞானம் தானாகவே போனை எடுத்து நீட்டினார். கார் இரவில் தயாபரனின் லயத்தடியில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு நாள் காலையும் வண்டி அசைவதற்கு முன் மீட்டரைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. தயாபரன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. செத்த நாள் காலையில்கூட ஆறு பத்துக்கு அனுப்பியிருந்தான்.

ஜீவராணி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஏழாந் திகதி சனிக்கிழமையிலிருந்து மூலையில் முருகன் இருந்தார். ஆறாந் திகதி இல்லை. அதற்கு முந்திய படங்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் எரிந்தது. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிற்கிற வண்டி, ஹேண்ட் பிரேக் போட்டிருப்பான், விளக்கு எரியத்தான் செய்யும்.

வண்டியில் கோளாறு என்று தயாபரன் எப்போதாவது சொன்னானா என்று அம்பலவாணர் கேட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார் சிவஞானம். சொல்லியிருந்தால் அன்றைக்கே கராஜில் விட்டிருப்பாராம்.

“இந்தப் படங்களில நீங்கள் ஒண்டும் கவனிக்கேல்லையோ?”

“நான் கிலோமீட்டர் நம்பர மட்டுந்தான் பாப்பேன் சேர். மத்ததெல்லாம் ஜப்பான்காரன் சமாச்சாரம், நமக்கு என்னா வெளங்குது?”

“மீட்டர் கண்ணாடியில முருகன் படம் ஒண்டு இருக்கு. நீங்கள் ஒட்டினதோ?”

சிவஞானம் இல்லை என்று தலையாட்டினார். “நான் ஒட்டல. சாமி படந்தானே சேர், ஒட்டுனா என்னா? ஹேண்ட் பிரேக் லைட்டத்தான் மறைக்கும். அது இல்லாமலும் வண்டி ஓடும்.”

அம்பலவாணருக்கு அந்தப் பேச்சில் எங்கோ ஒரு முள் தட்டியது. என்ன முள் என்று பிடிபடவில்லை. பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு, படங்களை ஜீவராணியின் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தார். முதலாளி மறுப்பே சொல்லாமல் அனுப்பினார்.

திரும்பும் வழியில் கொழுந்து லொறி ஒன்றுக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் ஜீவராணி போனை எடுத்துப் படங்களை விரலால் விரித்துப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தது அம்பலவாணரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஜீவராணி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மூலையை விட்டுவிட்டு மீட்டரின் நடுவே பார்க்கச் சொன்னாள். அங்கே ஒரு சின்னத் திரை. வெளியில் எத்தனை பாகை குளிர், ஒரு லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் காட்டுகிற இடம். முதலாந் திகதி வரை வெறும் எண்கள் மட்டும் இருந்தன. இரண்டாந் திகதி திங்கட்கிழமைப் படத்தில் எண்கள் இல்லை. ஒரு மஞ்சள் முக்கோணமும் அதன் பக்கத்தில் இரண்டு வரி ஜப்பானிய எழுத்தும் இருந்தன. அடுத்த நாளும் அதே வரிகள். பதினாறாந் திகதி காலை ஆறு பத்துப் படத்திலும் அதே வரிகள்.

“என்ன எழுதியிருக்கு?”

“எம் மாமியா பேசுறதே வெளங்கல, எழுதுறதையா வாசிக்கப் போறேன்,” என்றாள். “ஆனா வாசிக்கிற ஆளு ஒன்னு இருக்கு சேர்.”

பதுளை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடந்தது. மலையில் படித்து வேலையில்லாத பிள்ளைகள் அங்கே வந்து, ஜப்பானில் முதியோரைப் பார்க்கும் வேலைக்காக, கிழவர்களைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் வேண்டிய வார்த்தைகளை மனப்பாடம் செய்தார்கள். தயாபரன் மூன்று வருடம் கார் நிறுத்தியது அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான். வகுப்பு விட்டு இறங்கிய றுஸைனா என்ற பெண்ணை ஜீவராணி கைகாட்டி நிறுத்தினாள். ஜீவராணியின் காரில் அடிக்கடி போய்வருகிறவள், ஆவணி மாதம் ஜப்பானுக்குப் புறப்படப்போகிறவள்.

றுஸைனா போனை வாங்கி, உதடு அசைய இரண்டு தரம் வாசித்தாள். மேல் வரியில் ஒரு எழுத்து மட்டும் தெரியவில்லை என்று தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“பிரேக் எண்ணெய் கொறஞ்சிருக்காம் சேர். கீழ, பாதுகாப்பான இடத்துல நிப்பாட்டச் சொல்லி இருக்கு,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நல்ல மரியாதயா எழுதியிருக்கு. தயவுசெய்து நிப்பாட்டுங்கன்டு.”

அவள் போன பிறகும் அம்பலவாணர் நடைபாதையிலேயே நின்றார். பதினைந்து நாள். ஒவ்வொரு காலையும் அந்தக் கார் தயவுசெய்து நிற்கச் சொல்லியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த நூறு பிள்ளைகள் அதன் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருந்தவனுக்கு அது என்னவென்றே தெரியாமல் போய்விட்டது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

ஜீவராணிக்கு மட்டும் உற்சாகம் பிடிபடவில்லை. ஒயில் எப்போது குறைந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்றாள். நாளைக்கு இந்தப் படங்களை நீட்டினால் கதை முடிந்தது என்றாள்.

“முடிஞ்சுதான் போகும்,” என்றார் அம்பலவாணர். “ஆருடைய கதை எண்டு யோசியும். எச்சரிக்கை பதினைஞ்சு நாள் எரிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாளும் அதைப் படம் பிடிச்சு அனுப்பினவன் தயாபரன். முதலாளியோ நம்பரை மட்டும் பாத்தவர். படத்தைக் குடுத்தால், பாத்துக்கொண்டே ஓட்டினவன் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி.”

ஜீவராணி போனைப் பைக்குள் போட்டாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓட்டினானா, சொல்லாமல் ஓட்டினானா? இனி அந்த ஒரு கேள்விதான் மிச்சம். சொன்னான் என்றால் அவன் தப்பு இல்லை. சொல்லவில்லை என்கிறார் சிவஞானம். பதில் தெரிந்த மற்றவனோ மண்ணுக்குள் இருக்கிறான். நேரம் நாலரை. ஸ்பிரிங்வெளிக்குப் போய் விஜயலெட்சுமியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வருவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று அம்பலவாணருக்குப் பட்டது. கெட்ட செய்தியைப் போனில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஏற ஏற மூடுபனி இறங்கியது. திரையில் இருபத்தாறு பாகை இருபதாகியது. சந்தியைத் தாண்டி ஏறும்போது ஜீவராணி மீட்டரைப் பார்த்துக்கொண்டே, நாளைக்குக் கோர்ட் முடிந்ததும் தன் காரின் மஞ்சள் எஞ்சின் விளக்கைக் கராஜில் காட்டப்போவதாகச் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

விஜயலெட்சுமி கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தாள். லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவளுடையது. மகள் டியூசனுக்குப் போயிருந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் அம்பலவாணரை உட்காரவைத்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை எடுத்து, சுவரில் இருந்த பிளக்கில் வயரைச் செருகினாள். பட்டென்று ஒரு பொறி பறந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

பிளக்குக்கு மேலே மயில்மேல் முருகன் ஒட்டியிருந்தார். பெருவிரல் நகம் அளவு.

அம்பலவாணர் சுற்றிப் பார்த்தார். சுவரில் கூரையிலிருந்து இறங்கிய ஒரு வெடிப்பு. அதன் நெடுக மூன்று முருகன்கள். காஸ் சிலிண்டரின் கழுத்தில் ஒருவர். கீல் கழன்ற சன்னலில் ஒருவர். தட்டில், சாமி விளக்குக்குப் பக்கத்தில், கதிர்காமத்தில் விற்கிற ஸ்டிக்கர் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. எல்லாம் ஒரே மயில், ஒரே வேல். எங்கே பயம் இருக்கிறதோ அங்கே ஒருவர் காவலுக்கு நின்றார். அவருக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கேட்டார், பிளக்கில் ஏன் சாமி படம் என்று.

“அதுல பொறி பறக்குதுங்க. அவரு மாத்தித் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மாத்துற வரைக்கும் சாமி பாத்துக்கும்னு ஒட்டி வச்சேன்.”

“காரிலயும் ஒண்டு ஒட்டினீங்களோ?”

“ஆமாங்க. வெள்ளிக்கெழம, கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒட்டுனேன்,” என்றாள். அவள் முகத்தில் மறைப்பு எதுவும் இல்லை.

வாசலில் நின்ற ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏன் ஒட்டினாள் என்பதை விஜயலெட்சுமி தேத்தண்ணி ஊற்றியபடியே சொன்னாள். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தயாபரன் சரியாகத் தூங்கவில்லையாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் சிவப்பு விளக்கு அணையமாட்டேன் என்கிறது, என்னையே முறைத்துப் பார்க்கிறது என்று புலம்பினானாம். செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் சொன்னான். வியாழக்கிழமை மாலை திரும்பவும் போன் எடுத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு இந்த அடுப்புப் பக்கத்தில்தான் வைத்திருந்தான். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“அது ஹேண்ட் பிரேக் லைட்டு, கேபிள் இறுகியிருக்கும், மாசக் கடைசில கராஜுல விடுவோம்னாரு. மீட்டரப் பாத்து ஓட்டாத, ரோட்டப் பாத்து ஓட்டுன்னு சிரிச்சாரு. இவரும் சரிங்கன்னுட்டாரு. ஆனா மனசு கேக்கல அவருக்கு. அதான் நான் சாமிய ஒட்டி விட்டேன், பயமில்லாம ஓட்டட்டும்னு.”

பசறையில் தட்டிய முள் எது என்று இப்போது அம்பலவாணருக்குத் தெரிந்தது. ஹேண்ட் பிரேக் லைட்டத்தான் மறைக்கும் என்றாரே சிவஞானம். படத்துக்குக் கீழே விளக்கு இருக்கிறது என்று அவரிடம் யார் சொன்னது? இவர்கள் சொல்லவில்லை. பொலிஸுக்கே தெரியாது. அணைந்த கண்ணாடியில் பார்த்தால் வெறும் கறுப்பு. நம்பரை மட்டும் பார்க்கிற மனிதருக்கு அந்த மூலையில் எந்த விளக்கு என்று தெரிந்திருக்கிறது. தயாபரன் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஜீவராணியைப் பார்த்தார். அவளுக்கும் அது பிடிபட்டிருந்தது.

“நம்பர மட்டுந்தான் பாப்பாராம்,” என்றாள் அவள், மெல்ல. அதில் கிண்டல் இல்லை.

அம்பலவாணர் விஜயலெட்சுமியிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். விளக்கு எதற்காக எரிந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது, சிவஞானம் எங்கே வாய் தவறினார். போன் பேச்சை மட்டும் சொன்னால் புருஷனைக் காப்பாற்றப் பெண்சாதி சொல்கிற கதை என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பேச்சால்தான் படம் ஒட்டினாள், வெள்ளிக்கிழமை ஒட்டினாள், சனிக்கிழமைக் காலை தயாபரன் அனுப்பிய மீட்டர்ப் படத்தில் அது இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் நிற்கும். பிறகு சிவஞானத்தைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்த லைட்ட நாந்தான் மறைச்சேனுங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை வருடமாக அடுத்தவர் பொய்யைத் தேடித் திரிந்ததில் அவருக்குத் தன் பொய் ஒன்றைச் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“ஓம் பிள்ளை,” என்றார். “ஆனால் மறையாமல் இருந்திருந்தாலும் அவருக்கு அதுக்கு மேல தெரிய ஒண்டும் இல்லை. கண்டவர். சொல்ல வேண்டிய ஆளிட்டை ரெண்டு தரம் சொல்லிப்போட்டுத்தான் ஓடினவர்.”

பின்பாதி அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பிளக்கைப் பார்த்தாள், சுவர் வெடிப்பைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று ஜீவராணி கிட்டே போனாள். அவள் அழவில்லை.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை என்றார் அம்பலவாணர். படம் ஒட்டியது அவள்தான் என்பது மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். சொல்லாவிட்டால் கவனயீனம் என்று எழுதுவார்கள். சொன்னால் அவன் பெயர் துலங்கும், ஆனால் லயம் முழுக்க இவள் பெயரைப் பேசும். புருஷன் கண்ணை மறைத்தவள் என்பார்கள். மகள் காதிலும் அது விழும். எதைச் செய்யச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. அதையும் சொன்னார்.

வெளியே மகளின் பள்ளிக்கூட வெள்ளை கவுன் கொடியில் நனைந்துகொண்டிருந்தது. ஜீவராணி போய் அதை எடுத்து வந்து உள்ளே போட்டாள்.

“நாளைக்கு எத்தன மணிக்குங்க?” என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

ஒன்பது மணிக்கு என்றார்.

“காலைல வேலைக்குப் பேர் போடுற பெரட்டுல சொல்லிட்டு வந்துர்றேன். ஒட்டுனதயும் சேத்தே சொல்றேன்.” கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். “என்னையப் பேசுனா நான் பதில் சொல்லிக்குவேன். அவரால முடியாதுல்ல.”

தட்டில் இருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, நாளைக்குக் காட்டத் தேவைப்படும் என்று அவரிடம் கொடுத்தாள். அதில் ஐந்து முருகன் மிச்சம் இருந்தார்கள். பிறகு கேத்தல் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்குக்கு மேலே இருந்த படத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். நெடுநாள் சூட்டில் ஒட்டிப்போயிருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. அடியில் சுவர் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவுக்குக் கருகியிருந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ஜீவராணி காருக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள்.

“மெயினை அணைங்க,” என்றாள்.